பதிலுக்குக் காத்திருக்கவும்

அந்தக் கட்டடத்துக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மாடி, இருபத்து நான்கு வீடுகள். லிஃப்ட் பழுது என்று ஓர் அட்டை தொங்கியதால் மூன்றாம் மாடிக்கு நடந்தே ஏறி, ஏழாம் எண் வீட்டின் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்தவர் இறந்துபோன அம்மாளின் தங்கை. ஐம்பது வயதிருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்; போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பெட்டியை எடுத்துட்டுப் போக வந்திருக்கீங்களா? அதோ, படுக்கையறையில இருக்கு. நான் தொடல."

எங்கள் வேலை அதுதான். வீட்டில் தனியாக இருக்கும் நோயாளிகளுக்கு ஒரு சிறிய வெள்ளைப் பெட்டியும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தானும் கொடுப்போம். பொத்தானை அழுத்தினால் எங்கள் மையத்தில் மணி அடிக்கும், ஆள் பேசும், ஆம்புலன்ஸ் போகும். நோயாளி இறந்துவிட்டால் பெட்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுவோம்.

அறையில் வலித் தைலத்தின் வாசனை கனத்துக் கிடந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் அங்கேதான் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. பக்கத்து வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன. ஞாயிறு காலை தங்கை வந்து பார்த்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம்.

"ஒரு விஷயம் கேக்கணும்" என்றார் தங்கை. "அக்கா பொத்தானை அழுத்தவே இல்லையா?"

"மையத்துக்கு எதுவும் வரலீங்க."

"ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட அவ அழுத்தினதில்ல, உண்மைதான். அடுத்தவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஒரு வீம்பு. ஆனா ராத்திரி முழுக்கத் தரையில கிடந்தவ, கழுத்துல தொங்கறதை அழுத்தாமலா இருப்பா?"

நான் குனிந்து பெட்டியை எடுத்தேன். அதன் சின்னத் திரையில் எழுத்துகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

அழைப்பு அனுப்பப்பட்டது. பதிலுக்குக் காத்திருக்கவும்.

திரையை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டு, "பார்த்துட்டுச் சொல்றேங்க" என்று படியிறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் எனக்கு நினைவு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வரி எழுதினோம். அதை எடுக்கவே இல்லை.

அந்த வரி என்னவென்று சொல்லிவிடுகிறேன். மையத்தின் வாசலில் ஒரு கணினி உண்டு. வாசல் மெஷின் என்போம். வெளியிலிருந்து வரும் செய்திகள் சிறுசிறு பொட்டலங்களாக அதன் வழியாகத்தான் உள்ளே வரும். ஒவ்வொரு பொட்டலத்தையும் நிறுத்தி, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அதன் கர்னல், அதாவது அடிமட்டத்தில் ஓடுகிற மூளை. அதற்கு நாங்கள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுப்போம். மேலிருந்து கீழாக அது பட்டியலைப் படிக்கும். பொருந்துகிற முதல் வரி சொல்வதைச் செய்துவிட்டு, மற்றதைத் திரும்பியும் பார்க்காது.

ஒரு பொட்டலம் வேண்டாம் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ரிஜெக்ட் என்று எழுதினால், அனுப்பியவருக்கு "முடியாது" என்று பதில் போகும். டிராப் என்று எழுதினால் பதிலே போகாது. பொட்டலம் கிணற்றில் போட்ட மாதிரிதான். அனுப்பியவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியது.

அந்தச் செவ்வாயன்று அதே கட்டடத்தின் மூன்றாம் எண் வீட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பொத்தானை யாரும் தொடாமலே நிமிஷத்துக்கு அறுநூறு அழைப்புகள் வந்து விழுந்தன. அழைப்புகளை எடுக்கிற கூடத்தில் பதினான்கு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். எங்கள் மேலதிகாரியைக் கத்தரி என்று கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் "வெட்டிவிடு" என்பார், அதனால் வந்த பெயர். என்னை அவர் நோட்டு என்பார். எழுதுகிற ஒவ்வொரு வரியையும் தேதி போட்டு ஒரு நோட்டில் பதிந்து வைப்பது என் பழக்கம்.

"நோட்டு, அந்த முகவரியை வெட்டு."

"அண்ணே, ரிஜெக்ட் போடட்டுமா?"

"நிமிஷத்துக்கு அறுநூறு தடவை முடியாது முடியாதுன்னு பதில் எழுதப் போறியா? டிராப் போடு. சத்தமில்லாம செத்துப் போகும்."

"நோட்டுல..."

"நாளைக்குக் காலையில எடுக்கப் போற வரிக்கு என்னடா நோட்டு? போடு."

போட்டேன். என் விரல்கள்தான் போட்டன. கூடம் அமைதியானது. மூன்றாம் எண் பெட்டியை மறுநாள் கழற்றி வந்தார்கள். நோட்டில் இல்லாததால் வரி யார் நினைவிலும் இல்லை. பெட்டிகளைச் சோதிக்கிற முதல் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

எங்களுக்குத் தெரிந்திருந்தும் மறந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தின் இருபத்து நான்கு வீடுகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியில்தான் தெரியும். உள்ளே ஆளுக்கொரு முகவரி. வாசலைத் தாண்டும்போது எல்லோருக்கும் ஒரே முகமூடி. இந்த முகவரி மாற்றத்தை, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவர்கள் நாங்கள். மூன்றாம் எண்ணை வெட்டுவதாக நினைத்துக்கொண்டு ஏழாம் எண்ணையும் சேர்த்து வெட்டியிருக்கிறோம்.

பெட்டியின் வேலை முறையும் எனக்குத் தெரியும். "முடியாது" என்று பதில் வந்தால் அது உடனே டெலிபோன் கம்பி வழியாக மையத்தைக் கூப்பிடும். பதிலே வராவிட்டால் அதே வழியில் காத்திருக்கும்.

ரிஜெக்ட் போட்டிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பார்.

மையத்துக்கு வந்ததும் மெஷின் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியின் நினைவகத்தைப் படித்தேன். சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்கு முதல் அழுத்தல். ஞாயிறு காலை ஆறு முப்பத்தைந்துக்குக் கடைசி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.

கத்தரி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு அவருடைய வழக்கமான முகம் திரும்பி வந்தது.

"அழிச்சிடு."

"அண்ணே..."

"வரியையும் எடு. இதையும் அழி. உனக்கு வீட்டுல பொண்டாட்டி இருக்கா, எனக்கும் இருக்கா. போனவங்க திரும்பியா வரப் போறாங்க?"

அழித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், மூடிய ஜன்னல்கள். "நோயாளி பொத்தானை அழுத்தவில்லை" என்று கத்தரி எழுதி வந்த தாளில் நான் இரண்டாவது கையெழுத்துப் போட்டேன். தங்கை மேசையின் மறுபக்கம் எழுந்து நின்றார்.

"எங்க அக்காவுக்கு ஒரு குணம். நாம ஏதாவது கேட்டு, பேசாம இருந்தா அவளுக்கு ஆகாது. 'முடியாதுன்னாவது சொல்லித் தொலையேன்'னு கத்துவா. நான் கேக்கறேன். அவ அழுத்தலைன்னு உங்க ரெண்டு பேருக்கும் நிச்சயமாத் தெரியுமா?"

கத்தரி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாராவது பதில் சொல்லுங்க."

ஒருவரும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆரம்பித்தது.

மதியம் இரண்டு மணி இருக்கும். மெஷின் அறையில் நான் தனியாக இருந்தேன். அங்கே எப்போதும் குளிர். விசிறிகளின் ஒரே மாதிரியான இரைச்சல். சூடான பிளாஸ்டிக் வாசனை. அன்று அந்த வாசனைக்கு நடுவே வேறொன்று வந்தது.

வலித் தைலம்.

இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். டிக். விரல் நகத்தால் பொத்தானைத் தட்டுவது போல. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி, டிக். திறந்து பார்த்தேன். ஏழாம் எண் பெட்டி கிடந்தது. பேட்டரியை நானே கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன். அது வைத்தபடியே இருந்தது.

இழுப்பறையை மூடிவிட்டு, எதையாவது செய்ய வேண்டுமே என்று வாசல் மெஷினின் பட்டியலைத் திறந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, நாங்கள் எழுதாத ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு முகவரி. டிராப்.

அது கத்தரியின் மேசைக் கணினியின் முகவரி.

கூப்பிட்டுக் காட்டினேன். "எவன்டா இந்த வேலை பண்ணது? நீயா?" என்று என்னை முறைத்துவிட்டு அவரே நீக்கினார். பட்டியலை மறுபடி போட்டுப் பார்த்தோம். வரி அங்கேயே இருந்தது. மெஷினை அணைத்து ஏற்றினார். இருந்தது. பட்டியலைச் சேமித்து வைக்கும் கோப்பைத் திறந்தால் அதில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்குள் மட்டும் இருந்தது. கர்னலையே புதிதாக நிறுவினார். புதிய கர்னலில், நாங்கள் ஒரு எழுத்தும் தட்டுவதற்கு முன்னால், அந்த ஒரு வரி.

"முகவரியை மாத்திடறேன்" என்றார். மாற்றினார். வரியிலும் முகவரி மாறியது. தன் கணினியை வேறொரு முகவரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். நோயாளிகளின் கட்டடத்தில் இருந்த அதே முகமூடி வித்தைதான். வரி அந்த முகமூடிக்குப் பின்னால் இருந்த அவருடைய சொந்த முகவரியைக் காட்டியது.

அதன் பக்கத்தில் கர்னல் காட்டுகிற எண் ஒன்று உண்டு, அந்த வரியில் பட்டு விழுந்த பொட்டலங்களின் கணக்கு. முப்பத்தொன்று என்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்திரண்டு ஆனது.

கணினியின் கோளாறு கணினியோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

செவ்வாயன்று டீ கொண்டுவருகிற அம்மா எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கத்தரியின் மேசையைத் தாண்டிப் போனார். "இந்தாம்மா, எனக்கு?" என்றார் கத்தரி. அந்த அம்மா நிற்கவில்லை. கூடத்துப் பெண்கள் சிரித்தார்கள். புதனன்று மையத்தின் தானியங்கிக் கதவு கத்தரிக்குத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றதும் திறந்தது. "என்னடா, ஊர்ல எல்லாருக்கும் காது அடைச்சுப் போச்சா?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வியாழன் காலை மெஷின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். சவரம் செய்யவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன.

"நோட்டு. உனக்குக் கேக்குதா?"

"கேக்குது அண்ணே."

"நேத்து வீட்டுல எவ்வளவோ பேசினேன்டா. அவ டிவி பார்த்துட்டிருந்தா. முன்னாடி போய் நின்னேன். கழுத்தை நீட்டி என்னைத் தாண்டிப் பார்த்தா." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "என் தட்டை எடுத்து வைக்கவே இல்ல. திட்டினாக்கூடப் பரவாயில்லடா. போய்யான்னு சொன்னாக்கூட."

"உண்மையைச் சொல்லிடலாம் அண்ணே. அந்தத் தங்கச்சிகிட்ட. விசாரணையில."

தைல வாசனை எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. அவர் மூக்கும் அதை உணர்ந்தது, பார்த்தேன்.

"ஜெயிலுக்கா போகச் சொல்ற?" என்றார். "முடியாது. நீயும் சொல்லக் கூடாது. வெட்டிப் போட்டுடுவேன்."

அவர் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, பட்டப்பகலில், பதினெட்டுப் பேர் இருந்த கூடத்தின் நடுவில் கத்தரி இறந்துபோனார். மாரடைப்பு. கூட்டிப் பெருக்க வந்தவர் துடைப்பம் இடித்துத்தான் கண்டுபிடித்தார். அப்போது மணி மூன்று.

கேமராப் பதிவை என்னைத்தான் எடுத்துத் தரச் சொன்னார்கள்.

அதில் சத்தம் கிடையாது. ஒன்று முப்பதுக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். முதல் மேசைக்குப் போகிறார். வாய் திறந்து மூடுகிறது. அங்கே இருந்த பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மேசை. கையை ஓங்கித் தட்டுகிறார். மேசைமேல் பேனா துள்ளுகிறது. அந்தப் பெண் பேனாவை எடுத்து நேராக வைக்கிறாள். ஒவ்வொரு மேசையாக வருகிறார். முழங்கால் மடங்குகிறது. தவழ்கிறார்.

கடைசி மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

நான்.

அவர் கை என் தோளில் இருக்கிறது. உலுக்குகிறது. ஏழு முறை எண்ணினேன். ஏழாவது முறை நான் தோளைச் சொறிந்துகொள்கிறேன்.

பட்டியலைத் திறந்தேன். முதல் வரியின் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பூஜ்யமாகியது. முகவரி மாறியது.

என் முகவரி.

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். வாய் ஓயாது. மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி அடுத்த அறையில் இருக்கும் என்னோடு சண்டை போடக்கூடியவள். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு நோட்டைக் கட்டிக்கிட்டிருக்கலாம், அதுலயாவது நான் சொல்றது நிக்கும்" என்பாள். பதினொரு வருஷமாக எங்கள் வீடு அந்தப் பேச்சில்தான் ஓடுகிறது. எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் நான் மூன்று தடவை கூப்பிட்டேன். நான்காவது தடவைதான் திரும்பினாள்.

சனிக்கிழமை ஜன்னல் துடைப்பதற்காக நாற்காலி மேல் ஏறியிருந்தாள். எங்கள் வீடும் மூன்றாம் மாடி. நாற்காலியின் ஒரு கால் விலகுவது எனக்குத் தெரிந்தது. "இறங்கு! இறங்குடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இன்னும் வெளியே சாய்ந்தாள். ஓடிப்போய் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன்.

"அய்யோ! எப்ப வந்தீங்க? பூனை மாதிரி! உயிரே போச்சு" என்று என்னை அடித்தாள்.

"கூப்பிட்டேனே."

அவள் நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டேனே" என்றேன் மறுபடியும்.

துணியை உதறிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிறு அவள் தோளைத் தொட்டேன். ஈயைத் தட்டுவது போலத் தட்டிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டுத்தான் வைத்தாள். சாப்பிட்டு முடித்து என் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையோ மறந்துவிட்டவளைப் போல நெற்றியைச் சுருக்கினாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டாள்.

நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு நாள் விட்டால் என் பெயரே அவளுக்கு மறந்துபோகும் என்று எனக்குத் தெரிந்தது.

திங்கள் காலை நிர்வாகியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசப் பேச அவர் போனில் வேறு யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். விசாரணைக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்; போனதாகவும் காட்டவில்லை, திரும்பியதாகவும் காட்டவில்லை. தங்கையின் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடிக்கிற ஓசைகூட இல்லை. வெறும் காற்று. இடையிடையே, டிக்.

எனக்குத் தெரிந்த பழைய வழி ஒன்றுதான் மிச்சம். தாள் எடுத்தேன். அன்றைய தேதி போட்டேன். "மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை எழுதிய வரியிலிருந்து அழித்த நினைவகம் வரை, யார் சொன்னார், யார் செய்தார், எத்தனை மணிக்கு என்று நான்கு பக்கம் எழுதினேன். "பொத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு முறை அழுத்தப்பட்டது. பதில் அனுப்பாமல் விட்ட வரியை எழுதியது என் கை" என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏழாம் எண் வீட்டின் முன் நின்றேன். தங்கையைத் தேட எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். மணியை அழுத்தினேன். உள்ளே அடிப்பது எனக்கே கேட்கவில்லை. கதவைத் தட்டினேன். மாடிப்படியில் ஒருவர் காய்கறிப் பையோடு என்மேல் இடித்துக்கொண்டு ஏறிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். அது முழுதாக உள்ளே போயிற்று. படியில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம். கால் மணி.

கதவுக்கு அடியில் காகிதம் உரசும் சத்தம்.

கடிதம் வெளியே வந்தது. உள்ளிருந்து யாரோ, தரையோடு தரையாக, மெல்லத் தள்ளினார்கள்.

"வேண்டாம்" என்றது ஒரு குரல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தால் அல்ல. இரண்டு நாளில் ஒரு மனிதக் குரல் எனக்குச் சொன்ன முதல் சொல் அது. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் நான் கேட்டிருக்க வேண்டும். நான் இருக்கிறேன். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க வாங்க வேண்டாம். நான் வாயாலயே சொல்லிடறேன். கேட்டாப் போதும்" என்றேன்.

சொன்னேன். நான்கு பக்கத்தையும் சொன்னேன். மறுபக்கம் மூச்சு கேட்டது. அது என் முகத்துக்கு நேராக இல்லை. கீழே, என் முழங்கால் மட்டத்தில் இருந்து வந்தது.

"எத்தனை தடவை?"

"இருநூத்திப் பன்னண்டும்மா."

"வரியை எழுதுனது யாரு?"

"அவர் சொன்னாரு... இல்ல. நான்தாம்மா எழுதினேன்."

கதவு இடுக்கில் தைல வாசனை கசிந்தது.

"மன்னிக்க மாட்டேன்."

"சரிம்மா."

"இனிமே நான் பாத்துக்கறேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் படிகளில் செருப்புச் சத்தம். வெள்ளைக் கோட்டுடன், கையில் சாவியுடன், தங்கை ஏறி வந்துகொண்டிருந்தார்.

"நீங்களா? யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

அவருக்கு என் குரல் கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்கவும் முடிகிறது. நான் கதவைக் காட்டினேன்.

"உள்ள யாரும் இல்லையே. அஞ்சு நாளாப் பூட்டித்தான் கிடக்கு. சாமானெல்லாம் போன புதன்கிழமையே எடுத்தாச்சு."

சாவியைப் போட்டுத் திருப்பிக் கதவைத் தள்ளினார். வெறும் அறைகள். ஜன்னலில் வெயில். தரையெங்கும் மெல்லிய தூசி.

படுக்கையறையிலிருந்து வாசல் வரை தூசியில் ஓர் அகலமான தடம் இருந்தது. காலடிகள் இல்லை. இரண்டு பக்கமும் முழங்கை ஊன்றிய குழிகள். திரும்பிப் போன தடம் இல்லை.

தங்கை அதைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுகையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். வாசற்படியில் நின்றபடியே நான்கு பக்கத்தையும் படித்தார். அழவில்லை. மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்ட வந்து சொல்லணுமோ அவங்ககிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே."

சொன்னேன். விசாரணைத் தாள் திருத்தப்பட்டது. என் வேலை போயிற்று, வழக்கு நடக்கிறது. அதெல்லாம் சரிதான், நடக்க வேண்டியவைதான்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்து, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தையல் மெஷின் நின்றது. சில விநாடிகள் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அவள் எழுந்து வந்தாள்.

"என்ன இப்படிக் கத்தறீங்க? காது கேக்குது" என்றாள்.

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். "என்ன ஆச்சு உங்களுக்கு? நோட்டு நனையப் போகுது" என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் வருகிறாள். எப்போதும் அல்ல. சில நேரம் உடனே, சில நேரம் பத்து முறை கூப்பிட்டபின், சில நாள் வரவே மாட்டாள். நான் கணக்கு எழுதி வைத்துப் பார்த்தேன். அதில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று இரண்டு மாதம் பொறுத்திருந்தேன். நேற்று மதியம் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"நான் கூப்பிடறது உனக்குக் கேக்குதா, இல்லையா?"

"கேக்குது. ஏன் கேக்காம?" தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "நீங்க அந்தம்மாவை முதல்ல ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்க. வயசானவங்க, பாவம், வாசப்படியிலயே தரையில படுத்துக் கிடக்கறாங்க. நீங்க கூப்பிட்டா, போகலாமா வேண்டாமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தானே நான் வர வேண்டியிருக்கு?"